மேட்டூர் எத்தனை அடி என்று கேட்காத மூன்று காலைகள்: முதியோர் இல்லப் பயிற்சியில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கும்பகோணத்துக்கும் மன்னார்குடிக்கும் இடையில் உள்ள ஒரு முதியோர் இல்லத்தில் நடந்தது இது. அங்கே பொறுப்புச் செவிலியராகவும், புதிதாக வரும் செவிலியர்களுக்குப் பயிற்சி தருபவராகவும் இருக்கிறேன். சம்பந்தப்பட்டவர்களை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நடந்தவற்றின் வரிசையும் மருத்துவ விவரங்களும் அப்படியே உள்ளன.

இல்லத்தில் நாற்பது பேருக்குக் கொஞ்சம் அதிகமாகத் தங்கியிருக்கிறார்கள். பாதிப் பேர் தாமாகவே நடமாடுவார்கள், மீதிப் பேருக்குக் குளிக்கவோ சாப்பிடவோ ஆள் துணை வேண்டும். மருத்துவர் வாரத்துக்கு இரண்டு நாள் வருவார். பகலில் இரண்டு செவிலியர், இரவில் ஒருவர். இவர்களைவிட ஆயாம்மாக்கள் அதிகம். எங்கள் இல்லத்தில் பத்து வருடத்துக்கு மேல் இருக்கும் ஓர் ஆயாம்மா இந்த நிகழ்வில் முக்கியமானவர். அவர் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர், நடவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்து இங்கே வந்து சேர்ந்தவர்.

பயிற்சிக்கு வந்த பெண்ணுக்கு 22 வயது. மூன்று ஆண்டு ஜிஎன்எம் என்ற செவிலியர் டிப்ளமா முடித்து, செவிலியர் கவுன்சிலில் பதிவும் செய்திருந்தார். ஊசி போடுவது, டிரிப் ஏற்றுவது, டிரெஸ்ஸிங் எல்லாம் கை பழகியவர். ஆனால் அவர் பழகியது ஆஸ்பத்திரி வார்டில். அங்கே நோயாளி கேஸ் ஷீட்டோடு வருகிறார், நோயின் பெயர் அதில் இருக்கிறது, சில நாளில் வீட்டுக்குப் போய்விடுகிறார். முதியோர் இல்லத்தில் அப்படி இல்லை. இங்கே இருப்பவர்கள் வாழ்ந்துகொண்டிருப்பவர்கள். இன்றைக்கு இவருக்கு என்னவோ சரியில்லை என்று சொல்வதற்கு, நேற்றும் முந்தாநாளும் எப்படி இருந்தார் என்று தெரிந்திருக்க வேண்டும்.

அதனால் எங்கள் பயிற்சியில் முதல் இரண்டு வாரம் மருந்து வண்டியைத் தொடவிடுவதில்லை. ஆயாம்மாவோடு போய்க் குளிப்பாட்ட வேண்டும், ஊட்ட வேண்டும், தலை வார வேண்டும். இந்தப் பெண்ணுக்கு இது பிடிக்கவில்லை. “மேடம், நான் ஸ்டாஃப் நர்ஸ் வேலைக்குத்தானே வந்தேன்?” என்று இரண்டாம் நாளே கேட்டார். கேட்டதில் தப்பில்லை. மூன்று வருடம் படித்து, வீட்டில் கடன் வாங்கிக் கட்டணம் கட்டி முடித்த பெண், பெட்பான் எடுப்பதைப் படிப்புக்கு இழுக்கு என்று நினைப்பது இயல்பு. அந்த இரண்டு வாரத்தில் ஐந்து பேரைப் பற்றி ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்வோம். நோயைப் பற்றி அதில் எழுதக் கூடாது. எத்தனை மணிக்கு எழுகிறார், எவ்வளவு சாப்பிடுகிறார், யாரோடு பேசுகிறார், எதற்குக் கோபப்படுகிறார், இப்படி. அதற்கு வழக்கப் பக்கம் என்று பெயர்.

பெரியவரின் வழக்கம்

அந்த ஐந்து பேரில் ஒருவர் 79 வயதுப் பெரியவர். பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர், அதாவது ஆற்று மதகுகளைத் திறந்து மூடுவதும் கரையைப் பார்த்துக்கொள்வதும் வேலை. மனைவி இறந்தபின், மகள் இருக்கும் ஊரில் வீடு பற்றாது என்று இங்கே வந்தார். ஆயாம்மா அவரை “லஸ்கரய்யா” என்பார், பயிற்சிப் பெண் “தாத்தா” என்பார். சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டுக்கும் மாத்திரை உண்டு. சிறுநீர் கழிக்கக் கொஞ்சம் நேரமாகும், இரவில் இரண்டு முறை எழுவார். இதை வயதின் இயல்பு என்று அவரும் விட்டுவிட்டார், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பயிற்சிப் பெண் எழுதிய வழக்கப் பக்கத்திலிருந்து சில வரிகளை அப்படியே தருகிறேன்: “காலை 5 மணிக்கு எழுவார். பல் விளக்கியதும் ‘மேட்டூர் எத்தனை அடி?’ என்று கேட்பார். பேப்பர் வரவில்லை என்றால் போனில் பார்த்துச் சொல்லச் சொல்வார். சொன்னால் ‘வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு?’ என்பார். மூன்று இட்லி. சட்னியில் காரம் பத்தவில்லை என்று தினமும் சொல்வார். தமிழ் மாதங்களைப் பங்குனியிலிருந்து பின்னோக்கி வேகமாகச் சொல்வார்.”

கடைசி வரிக்குக் காரணம் உண்டு. ‘4ஏடி’ என்று முதியவர்களின் திடீர்க் குழப்பத்தைக் கண்டறியும் ஒரு சிறு சோதனை இருக்கிறது. விழிப்பு நிலை, நினைவு, கவனம், அண்மையில் வந்த மாற்றம் என்று நான்கு பகுதிகள், 4 மதிப்பெண்ணோ அதற்கு மேலோ வந்தால் டெலிரியம் இருக்கலாம் என்று பொருள். கவனத்தைப் பார்ப்பதற்கு டிசம்பரிலிருந்து மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்வார்கள். எங்கள் பெரியவர்கள் பலருக்கு ஆங்கில மாதம் வரிசையாக வராது, ஆடியும் ஆவணியும் வரும். எனவே எல்லோரும் நன்றாக இருக்கும்போதே தமிழ் மாதத்தில் கேட்டு, எப்படிச் சொல்கிறார் என்று எழுதி வைக்கிறோம். இது எங்கள் வசதிக்குச் செய்துகொண்டது. பிற்பாடு ஒப்பிட்டுப் பார்க்க உதவுகிறது.

என்ன நடந்தது

ஐப்பசி அடைமழை நாட்கள். ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தார். அப்பாவுக்கு மூக்கு ஒழுகுவதைப் பார்த்து, வழியில் மெடிக்கலில் வாங்கி வைத்திருந்த சளி மாத்திரை அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார். காலை ஒன்று, ராத்திரி ஒன்று என்று சொல்லியிருக்கிறார். பெரியவர் அதைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டார். எங்கள் யாருக்கும் இது தெரியாது.

திங்கட்கிழமை சளி தவிர வேறு ஒன்றும் இல்லை. செவ்வாய்க்கிழமை காலை அவர் மேட்டூர் பற்றிக் கேட்கவில்லை. ஒரு இட்லிதான் சாப்பிட்டார். சளி பிடித்தால் அப்படித்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அன்று மாலை லுங்கி நனைந்திருந்தது, ஆயாம்மா இரண்டு முறை மாற்றினார். இரவு டூட்டியில் இருந்தவர்கள் டயப்பர் கட்டினார்கள். புதன்கிழமை பகல் முழுக்கத் தூக்கக் கலக்கத்திலேயே இருந்தார். கூப்பிட்டால் கண் திறப்பார், பதில் பாதியில் நின்றுவிடும். தொந்தரவு எதுவும் இல்லாததால் அன்றைய ரிப்போர்ட்டில் “அமைதியாக இருக்கிறார்” என்று எழுதப்பட்டது. டெலிரியம் ஆர்ப்பாட்டமில்லாத வடிவில் வரும்போது எளிதில் தவறிப்போவதற்கு இந்த மாதிரி வார்த்தைகள்தான் காரணம்.

புதன் இரவு 11 மணிக்கு மேல் நிலைமை மாறியது. “மதகத் தூக்கணும், கரை ஒடஞ்சிடும்” என்று சொல்லிக்கொண்டு கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தார். போர்வையைப் பிடித்து இழுத்தார். கையைத் துணியால் கட்டிவைக்கலாமா, இல்லை தூக்க மாத்திரை கொடுக்கலாமா என்று இரவுச் செவிலியர் எனக்குப் போன் செய்தார். அவர் தனி ஆள், மற்ற அறைகளையும் பார்க்க வேண்டும். அந்தக் கேள்வியில் இருந்த களைப்பு எனக்குப் புரிந்தது.

இரண்டும் வேண்டாம் என்றேன். கட்டினால் பயம் கூடும், திமிறும்போது அடிபடும். காரணம் தெரியாமல் தூக்க மாத்திரை கொடுத்தால் குழப்பம் அதிகமாகலாம், விழவும் வாய்ப்பு உண்டு. ஏற்கெனவே சரியாக விழுங்காதவருக்குப் புரையேறவும் செய்யும். சர்க்கரை, காய்ச்சல், ரத்த அழுத்தம், ஆக்சிஜன் நான்கையும் உடனே பார்க்கச் சொன்னேன். சர்க்கரை 142, காய்ச்சல் இல்லை, ரத்த அழுத்தம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகம், ஆக்சிஜன் 96. மெத்தையைத் தரையில் போட்டு, விளக்கை எரியவிட்டு, ஓர் ஆயாம்மா பக்கத்திலேயே உட்கார்ந்தார். விடியும்வரை அவர் கையைப் பிடித்தபடி இருந்தார்.

வியாழன் காலை

பயிற்சிப் பெண்ணும் மூத்த ஆயாம்மாவும் 6 மணிக்கு உடம்பு துடைக்கப் போனார்கள். அங்கே நடந்த பேச்சைப் பிறகு இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொண்டேன்.

ஆயாம்மா சொன்னது: “மூணு நாளா மேட்டூர் கேக்கல பாப்பா. லுங்கி நனையுது, டயப்பரும் நனையுது. ஆனா ஒரு தடவகூட பாத்ரூம் போகணும்னு எந்திரிக்கல. ராத்திரி ரெண்டு தடவ எந்திரிக்கிற மனுஷன்.”

பயிற்சிப் பெண் அந்த இடத்தில் நின்று யோசித்திருக்கிறார். நனைகிறது என்றால் சிறுநீர் வருகிறது, வந்தால் அடைப்பு இல்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தார். அப்புறம் டயப்பரைக் கையில் எடுத்துப் பார்த்தார். ஈரம் இருந்தது, கனம் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சொட்டியிருக்கிறது. அடிவயிற்றில் கை வைத்தார். தொப்புளுக்குக் கீழே உருண்டையாக, இறுக்கமாக இருந்தது. விரலால் தட்டியபோது மந்தமான சத்தம். அழுத்தியதும் பெரியவர் முகம் சுளித்தார், கை தானாக அங்கே போனது. பையில் சிறுநீர் முட்டி நின்று, மேலே வழிவது மட்டும் கசிகிறது என்று அவருக்குப் புரிந்தது. பாடத்தில் படித்ததுதான், அடையாளம் கண்டது அன்றைக்குத்தான்.

தமிழ் மாதம் சொல்லச் சொன்னார். “பங்குனி” என்று சொல்லிவிட்டு நின்றார், மறுபடியும் “பங்குனி” என்றார்.

பிறகு என்னைக் கூப்பிட்டார். நான் போய்ச் சேரும் முன் ஆயாம்மா தலையணையைத் தூக்கிப் பார்த்து மாத்திரை அட்டையை எடுத்திருந்தார். பத்தில் ஆறு போயிருந்தது. பின்பக்கம் குளோர்பெனிரமைன், ஃபினைலெஃப்ரின், பாரசிட்டமால் என்று இருந்தது. முதலாவது சிறுநீர்ப்பை சுருங்குவதைத் தளர்த்தும், வயதானவர்களுக்குக் குழப்பத்தையும் தூக்கத்தையும் உண்டாக்கும். இரண்டாவது பையின் வாயை இறுக்கும். ஏற்கெனவே பிராஸ்டேட், அதாவது சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி, பெருத்திருக்கும் ஆணுக்கு இரண்டும் சேர்ந்தால் வழி அடைபடும். முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளை அமெரிக்க மருத்துவர் மார்க் பியர்ஸ் 1991-இல் பட்டியலிட்டார். அவர் பெயராலேயே வழங்கும் அந்தப் பட்டியல் அதன்பின் பலமுறை புதுப்பிக்கப்பட்டிருக்கிறது, குளோர்பெனிரமைன் அதில் இருக்கிறது. நம் ஊரில் அது எந்த மெடிக்கலிலும் சீட்டு இல்லாமல் கிடைக்கும்.

எடுத்த முடிவுகள்

இங்கேயே டியூப் போட்டுவிடலாமா என்று பயிற்சிப் பெண் கேட்டார். வலியைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியாமல் கேட்டது. வேண்டாம் என்று முடிவு செய்தோம். பிராஸ்டேட் பெருத்தவருக்குக் குழாய் சரியாகப் போகாமல் மூத்திரக் குழாயைக் கிழித்துவிட்டால் இல்லத்தில் சமாளிக்க வழியில்லை. ரத்தப் பரிசோதனையும் வேண்டியிருந்தது, மூன்று நாள் அடைப்பு சிறுநீரகத்தை எந்த அளவு பாதித்திருக்கிறது என்று தெரியாது. மருத்துவரிடம் போனில் சொல்லி, 108-ஐ அழைத்தோம்.

கூட யார் போவது என்பது அடுத்த முடிவு. வழக்கமாக ஓர் ஆயாம்மாவும் மேலாளரும் போவார்கள். இந்த முறை பயிற்சிப் பெண்ணை அனுப்பினேன். கண்டுபிடித்தவரே சொல்லட்டும் என்பது ஒரு காரணம். முதியோர் இல்லச் செவிலியரின் வேலையில் பாதி, அந்தப் பெரியவரை அறியாத ஒருவரிடம் அவருக்காகப் பேசுவது. அதை வகுப்பில் சொல்லித்தர முடியாது. ஒரு தாளில் நான்கு வரி எழுதிக்கொள்ளச் சொன்னேன்: திங்கட்கிழமை வரை எப்படி இருந்தார், எப்போது மாறினார், என்ன மாத்திரை சாப்பிட்டார், வயிற்றில் என்ன பார்த்தோம். வழக்கப் பக்கத்தையும் மாத்திரை அட்டையையும் கையில் கொடுத்தேன்.

மருத்துவமனையில்

கேஷுவாலிட்டியில் கூட்டம். பணியில் இருந்த இளம் மருத்துவர் வயதைக் கேட்டு, இல்லத்திலிருந்து வருகிறார் என்றதும், மறதி நோய் எத்தனை வருடமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். இல்லத்திலிருந்து வருகிறவர்கள் என்றால் முதலில் வரும் கேள்வியே இதுதான். பயிற்சிப் பெண் சொன்ன பதில்: “டிமென்ஷியா இல்ல சார். போன வாரம் வரைக்கும் மேட்டூர் டேம் லெவல் பேப்பர்ல பார்த்துத் தினமும் கணக்குச் சொன்னவர். செவ்வாய்க்கிழமைலேர்ந்துதான் இப்படி. அடிவயிறு பாருங்க சார்.”

மருத்துவர் பார்த்தார். குழாய் போட்டதும் 1,100 மில்லி வடிந்தது. சாதாரணமாக 400, 500 மில்லி சேர்ந்தாலே பெரியவர்களுக்கு முட்டும். சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் ஏறும் கிரியேட்டினின் 2.1 இருந்தது. சிறுநீரில் கிருமித் தொற்று இல்லை. உள்நோயாளியாகச் சேர்த்தார்கள்.

மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வரும். டெலிரியம் மணிக்கணக்கில், நாள்கணக்கில் வரும், ஏறி இறங்கும், பெரும்பாலும் அதற்குப் பின்னால் சரிசெய்யக்கூடிய ஒரு காரணம் இருக்கும். இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஸ்கேன் தேவைப்படவில்லை. எப்போதிலிருந்து என்று சொல்லக்கூடிய ஓர் ஆள் பக்கத்தில் இருந்தது போதுமானதாக இருந்தது.

பிறகு

நாட்பட்ட அடைப்பு நீங்கியதும் சிலருக்குச் சிறுநீர் அளவுக்கு மீறிப் போகும். தொடர்ந்து இரண்டு மணி நேரம், மணிக்கு 200 மில்லிக்கு மேல் போனால் உப்பும் நீரும் குறைந்து ஆபத்து. அதனால் மணிக்கு ஒருமுறை அளந்தார்கள். வார்டில் செவிலியர்களுக்கு நிற்க நேரமில்லை, அளந்து எழுதும் வேலையைப் பயிற்சிப் பெண் கேட்டு வாங்கிக்கொண்டார். அளவு எல்லை தாண்டவில்லை. கிரியேட்டினின் நான்காம் நாள் 1.3-க்கு இறங்கியது. சிறுநீர் வழியைத் தளர்த்தும் டாம்சுலோசின் மாத்திரை தொடங்கி, ஐந்தாம் நாள் குழாயை எடுத்தபோது தானாகப் போனார்.

மூளை அவ்வளவு சீக்கிரம் தெளியவில்லை. குழாய் போட்டதும் சரியாகிவிடும் என்று மகள் எதிர்பார்த்தார், நாங்களும் உள்ளுக்குள் அப்படித்தான் எதிர்பார்த்தோம். இல்லத்துக்குத் திரும்பிய பிறகும் ஒரு வாரத்துக்கு மேல் மாலையானால் குழம்பினார். கண்ணாடியைப் போட்டுவிடுவது, நாள்காட்டியைக் கண்ணெதிரே மாட்டுவது, பகலில் திண்ணையில் உட்காரவைப்பது, இரவில் தேவையில்லாமல் எழுப்பாமல் இருப்பது, இவை மட்டும்தான் மருந்து. டாம்சுலோசின் சாப்பிடுபவர்கள் சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். எழுந்ததும் கட்டில் ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் நிற்க வேண்டும் என்று அவருக்குப் பழக்கினோம். அவர் மறந்துவிடுவார், ஆயாம்மா மறக்கமாட்டார். இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் நீர்மட்டம் கேட்டார், சட்னியையும் குறை சொன்னார்.

மகளிடம் விஷயத்தைச் சொல்வது கடினமாக இருந்தது. “ஜலதோஷ மாத்திரைதானே சிஸ்டர், நாங்க எல்லாரும் போடுறதுதானே” என்று அழுதார். அவர் அப்பாவின் மேல் உள்ள அக்கறையில் செய்தது அது. இனி எந்த மாத்திரையானாலும் எங்களிடம் கொடுங்கள், நாங்கள் கேட்டுச் சொல்கிறோம் என்பதோடு நிறுத்திக்கொண்டோம். குற்றம் சாட்டினால் அடுத்து வருபவர் மாத்திரையை ஒளித்துக் கொடுப்பார், அவ்வளவுதான் நடக்கும்.

பயிற்சிப் பெண்ணிடம் வந்த மாற்றம் வெளிப்படையாகத் தெரிந்தது. காலையில் ரிப்போர்ட் எடுத்ததும் முதலில் போய் ஆயாம்மாவைக் கேட்கிறார். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். மூன்று நாளாகக் கேட்கவில்லை என்பதைக் கவனித்தவர் ஆயாம்மா. அதற்கு மருத்துவப் பொருள் என்ன என்று கண்டவர் பயிற்சிப் பெண். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே கட்டிலருகே நின்றது பயிற்சி அட்டவணையால். அட்டவணை இல்லாவிட்டால் ஆயாம்மா கவனித்தது அவரோடேயே போயிருக்கும், ஏனென்றால் அதுவரை ரிப்போர்ட்டில் அவர் பேச இடமே இருந்ததில்லை.

என்ன மாற்றினோம், என்ன மாறவில்லை

புதன் இரவே கண்டுபிடித்திருக்கலாமா என்று எல்லோரும் உட்கார்ந்து பேசினோம். இரவில் பார்த்த நான்கு அளவுகளோடு அடிவயிற்றையும் தொட்டுப் பார்த்திருந்தால் அன்றே மருத்துவமனை போயிருப்போம். அப்போதைய இரவுப் பட்டியலில் வயிறு இல்லை. இப்போது திடீரென்று குழம்புகிற எவருக்கும் சர்க்கரை, காய்ச்சல், ரத்த அழுத்தம், ஆக்சிஜன், அடிவயிறு, கடைசியாக மலம் கழித்த நாள், புதிதாக வந்த மாத்திரை, இத்தனையும் பார்த்த பிறகுதான் போன்.

டயப்பர் பற்றிய விதி இதைவிட முக்கியம் என்று நினைக்கிறேன். அதுவரை கட்டாதவருக்கு முதல்முறையாக டயப்பர் கட்டுவது பராமரிப்பு வேலை என்று கருதப்பட்டது. இப்போது அது ஒரு புதிய அறிகுறியாகப் பதியப்படும். கட்டும் முன் செவிலியர் வயிற்றைப் பார்க்க வேண்டும், ஏன் நனைகிறது என்று ஒரு வரி எழுத வேண்டும். ரிப்போர்ட்டில் “அமைதியாக இருக்கிறார்” என்று மட்டும் எழுதக் கூடாது, வழக்கத்தைவிட அமைதியா என்றும் எழுத வேண்டும். டூட்டி மாறும்போது ஆயாம்மாக்களும் நின்று பேசுகிறார்கள். முதல் சில நாள் கூச்சப்பட்டார்கள், “நாங்க என்ன சொல்றது சிஸ்டர்” என்றார்கள். இப்போது நேரமாகிறது என்று நாங்கள்தான் நிறுத்த வேண்டியிருக்கிறது. வழக்கப் பக்கம் எல்லோருக்கும் எழுதி முடித்தாகிவிட்டது. பார்க்க வருபவர்கள் கொண்டுவரும் மருந்தை வாசலிலேயே கேட்டு வாங்குகிறோம்.

இரவில் ஒரே ஒரு செவிலியர் என்ற நிலை மாறவில்லை. கட்டிவைக்கலாமா என்ற கேள்வி அங்கிருந்துதான் வருகிறது, எத்தனை விதி எழுதினாலும் இன்னொரு ஆள் வராமல் அது போகாது.

பயிற்சிப் பெண் ஆறு மாதம் முடிந்ததும் அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கப் போகிறார். தை மாதம் அடுத்த இருவர் வருகிறார்கள், அவர்களும் முதல் இரண்டு வாரம் அதே ஆயாம்மாவோடுதான். பயிற்சி தருபவர் என்ற முறையில் அவருக்குத் தனிப் படி தர வேண்டும் என்று நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது இன்னும் முடிவாகவில்லை.